முற்றத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

மூன்று வயதும் நான்கு வயதும் நிரம்பிய குழந்தைகளுக்குச் சுற்றுச்சூழலைப் பற்றிய அறிவும் அன்பும் ஊட்டப்பெற வேண்டும் என்னும் கருத்து, இந்நாளில் கல்விக் கொள்கை ஏடுகளிலும் பயிற்சி முகாம்களிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுவதால், அது அண்மைக் காலத்து விஞ்ஞானிகளோ அரசாங்கங்களோ கண்டெடுத்த புதுக் கருத்து என்று எண்ணுவோர் பலர் உளர். 1977-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அந்நாளில் சோவியத் யூனியனைச் சேர்ந்திருந்த ஜார்ஜியாவின் தலைநகராகிய திபிலீசியில் யுனெஸ்கோ ஸ்தாபனம் கூட்டிய மகாநாடு, சுற்றுச்சூழல் கல்வி பள்ளிக்கு முந்திய பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும் என்று சிபாரிசு செய்தது உண்மையே. ஆயினும், அம்மகாநாடு கூடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே, சிறு குழந்தைகளின் கையில் விதையைக் கொடுத்து, அது முளைப்பதற்காக அவர்களோடு தாமும் காத்திருந்த உபாத்தியாயர்கள் இருந்தார்கள். இக்கருத்து வகுப்பறையில் பிறந்து, பிறகு மேலதிகாரிகளின் மேஜைக்குச் சென்று, அங்கிருந்து கட்டளையாக வகுப்பறைக்கே திரும்பி வந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், இன்றைய ஆசிரியைகள் இதனைப் பற்றிக் கொண்டிருக்கும் அபிப்பிராயங்களின் நியாயம் நமக்கு விளங்கும்.

ஜெர்மனியின் துரிங்கியா வனப்பிரதேசத்தில் ஒரு பாதிரியாரின் மகனாக 1782-இல் பிறந்த பிரடெரிக் புரோபெல், ஒரு வயது நிரம்பு முன்னரே தாயை இழந்தவர். பதினைந்தாம் வயதில் ஒரு வன அதிகாரியிடம் தொழில் பயிலச் சென்று மரங்களுக்கிடையே தனித்துத் திரிந்தவர். சுவிட்சர்லாந்தில் கல்வியாளர் பெஸ்டலாசியின் பள்ளியில் ஈராண்டுகள் இருந்து குழந்தைக் கல்வியின் தத்துவங்களைப் பயின்று, பின்னர் பெர்லினில் கனிமப் படிகங்களின் அமைப்பை ஆராய்ந்தவர். இவ்வாறு காட்டிலும் கல்லிலும் ஒரே சிருஷ்டி நியமத்தைக் கண்ட அப்பெரியார், 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்னும் பெயரைச் சூட்டினார்.

அவர் வகுத்த குழந்தைத் தோட்டத்தின் அமைப்பைச் சற்று அருகிற்சென்று காண்பது தகும். நடுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஒரு சிறு பாத்தி. அப்பாத்திகளைச் சூழ்ந்து எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். பொதுப் பாத்திகளில் ஒரு பகுதி பூச்செடிகளுக்கு, மற்றொரு பகுதி காய்கறிகளுக்கும் தானியங்களுக்கும். தன் சொந்தப் பாத்தியில் குழந்தை எதை வேண்டுமாயினும் நடலாம், எப்படி வேண்டுமாயினும் நடத்தலாம். அளவுக்கு மீறி நீரூற்றி அழுகச் செய்தாலும், வேர்விட்டதா என்று பார்க்கும் ஆவலில் நாற்றைப் பிடுங்கிவிட்டாலும், அதனைத் தடுப்பாரில்லை. தன் செய்கையின் பயனைத் தானே கண்டு தெளியட்டும் என்பது அவர் கருத்து. பொதுப் பாத்தியிலோ, ஆசிரியரின் மேற்பார்வையில், பலர் கூடி ஒழுங்காகப் பேணிய செடி எவ்வாறு வளர்கிறது என்பதைக் குழந்தை பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கும். சுதந்தரத்தையும் சமூக தர்மத்தையும் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு சிறு நிலத்தில் கற்பிக்க வகை செய்த இந்த ஏற்பாட்டைவிட நுட்பமான பாடத்திட்டத்தைப் பின்வந்த நிபுணர்கள் எவரும் எழுதிவிட்டதாகத் தோன்றவில்லை.

ஆனால் பிரஷ்ய அரசாங்கம் 1851-இல், நாத்திகமும் சமதர்மமும் பரப்புவன என்று பழி சுமத்தி, அப்பள்ளிகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே புரோபெல் காலமானார். 1860-இல் தடை நீங்கியபோது அதனைக் காண அவர் இல்லை. அவருடைய சீடர்கள், அவர்களுள்ளும் பெரும்பாலும் பெண்மணிகள், அம்முறையை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பிற தேசங்களுக்கும் கொண்டு சென்றார்கள். அங்ஙனம் கொண்டு சென்றபோது, புரோபெல் அமைத்த மரக்கட்டைகளும் பந்துகளும் காகித வேலைகளும் பெட்டிகளில் அடைபட்டு எளிதாகக் கடல் கடந்தன. தோட்டமோ பெட்டியில் அடைபடக்கூடிய பொருளன்று. நெருக்கமான பட்டணங்களில், வாடகைக் கட்டடங்களில், நாற்பது ஐம்பது குழந்தைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருந்த ஆசிரியைகள் கட்டைகளை வைத்துக்கொண்டு, பாத்திகளைக் கைவிட்டார்கள். கருத்தை ஏற்றுக்கொண்டவர்களே இடமின்மையால் அதன் பாதியை விட்டுவிட நேர்ந்த இந்தச் சம்பவம், பின்னால் பல தேசங்களிலும் பன்முறை நிகழப்போவதற்கு முன்னோடியாக அமைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1907 ஜனவரியில், ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், தமது முதல் நூலிலேயே செடி வளர்ப்புக்கும் பிராணிகளைப் பேணுதலுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். தான் நீர் வார்க்காவிட்டால் செடி வாடும், தீனி வைக்காவிட்டால் பிராணி பசித்திருக்கும் என்று உணரும் குழந்தை, ஒருவரும் உபதேசிக்காமலே முன்யோசனையைக் கற்கிறது. விதைக்கும் கனிக்கும் இடையேயுள்ள நாட்களை அவசரப்படுத்த முடியாதென்று காணும் குழந்தை, பொறுமையைக் கற்கிறது. இவ்விரண்டுக்கும் மேலாக, உயிருள்ளவற்றின்பால் தோன்றும் பாசம் அதன் இயல்பிலேயே ஊறிவிடுகிறது என்பது அந்த அத்தியாயத்தின் சாரம்.

இவ்வம்மையாரின் சரித்திரத்தில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு விசேஷமான பங்கு உண்டு. 1939-ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சங்கத்தின் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று, தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து, தேசத்தின் பல பகுதிகளிலிருந்தும் வந்து கூடிய ஏறக்குறைய 300 ஆசிரியர்களுக்கு ஓலைக் கொட்டகைகளில் பயிற்சியளிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், மகன் காவலில் வைக்கப்பட்டார். தாயும் சங்கத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கும்படி ஆயிற்று. அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளன்று மரியோ விடுவிக்கப்பட்டாரெனினும், யுத்தம் முடியும்வரை அவர்கள் தாயகம் திரும்புவதற்கில்லை. அக்காலத்தில், 1942 முதல் 1944 வரை, அவர்கள் கோடைக்கானல் மலையில் வசித்தார்கள். கட்டாயத்தினால் நேர்ந்த அவ்வாசம் கல்விக்குப் பெரும் லாபமாக முடிந்தது. பல வயதுக் குழந்தைகள் கலந்து பயின்ற ஒரு சிறு பள்ளி அங்கே நடைபெற்றது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்ற ஆசிரியை அதில் துணைநின்றார். சோலையும் ஏரியும் ஓடையும் வாசலிலேயே இருந்தமையால், இலையின் வடிவங்களையும் வேரின் தொழிலையும் பூச்சிகளின் வாழ்க்கையையும் குழந்தைகள் பிரத்தியட்சமாகக் காண, அவர்கள் கேட்ட கேள்விகளுக்கேற்பத் தாவரவியல், விலங்கியல், புவியியல் சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருப்பெற்றன. மண், நீர், செடி, பிராணி, மனிதன் யாவும் ஒன்றையொன்று சார்ந்து ஒரே பிரபஞ்ச காரியத்தை நடத்துகின்றன என்ற அவர்களுடைய தத்துவம், இன்று உலகெங்கும் மாண்டிசோரி பள்ளிகளில் பயிலப்படுவது, அந்த மலைவாசத்தில் முதிர்ந்ததாகும்.

எனினும், அம்மையார் நம் நாட்டில் காலடி வைப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, அவருடைய நூலைப் படித்து, அதனைத் தம் மண்ணுக்கேற்பப் பயன்படுத்திய இந்திய ஆசிரியர் ஒருவர் குஜராத்தில் இருந்தார். ஆப்பிரிக்காவுக்குச் சென்று மீண்டு, வக்கீல் தொழில் புரிந்து, தமக்கு மகன் பிறந்தபின் அவனுடைய கல்வியைப் பற்றிச் சிந்திக்கத் தலைப்பட்ட கிஜுபாய் பதேகா, 1916-இல் பாவ்நகரின் தக்ஷிணாமூர்த்தி ஸ்தாபனத்தில் சேர்ந்து, 1920-இல் அங்கே பாலமந்திரத்தைத் தொடங்கினார். மீசை வைத்த தாய் என்று குஜராத்தி மக்கள் அவரை அன்போடு அழைத்தார்கள். அவர் எழுதிய பகற்கனவு என்னும் பொருள்படும் ‘திவாஸ்வப்னம்’, ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பில் ஓராண்டு செய்து பார்க்கும் பரீட்சையைக் கதைபோல் சொல்வது. சிசு வகுப்பைப் பற்றியதன்று. ஆயினும் நம் விஷயத்துக்கு அது மிகவும் பிரயோஜனப்படுகிறது. கதையும் விளையாட்டும் ஆற்றங்கரை உலாவுமாக அவ்வாசிரியர் வகுப்பை நடத்த, உடன் பணிபுரியும் உபாத்தியாயர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கட்டுப்பாடு என்னாவது, பரீட்சை என்னாவது, பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று கேட்கிறார்கள். அவர்களைக் கிஜுபாய் மூடர்களாகவோ தீயவர்களாகவோ சித்திரிக்கவில்லை. பரீட்சைக்கும் மேலதிகாரிக்கும் பெற்றோருக்கும் ஏககாலத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலையில் உள்ளவர்களாகவே காட்டுகிறார். அவர்கள் கேட்ட மூன்று கேள்விகளையும் இன்றைய மழலை வகுப்பு ஆசிரியைகளும் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் கேட்கிறார்கள்.

கிஜுபாயின் சக ஊழியராக 1923-இல் பாவ்நகருக்கு வந்து சேர்ந்த தாராபாய் மோடக், 1926-இல் தோன்றிய நூதன பால சிக்ஷண சங்கத்தின் தூண்களுள் ஒருவராக விளங்கி, 1936-இல் பம்பாய் தாதரில் சிசுவிஹாரத்தைத் தொடங்கினார். நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் குழந்தைகளிடையே நற்பெயர் பெற்றபின்னும் அவர் மனம் அமைதியடையவில்லை. விலையுயர்ந்த சாதனங்களைக் கொண்டு நடக்கும் இக்கல்வி ஏழைக் குழந்தைக்கு எக்காலத்தில் கிட்டும் என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. சிசுப் பருவத்துக் கல்வியும் ஆதாரக் கல்வியில் அடங்க வேண்டும் என்ற எண்ணம் காந்தியடிகளின் சேவாகிராமத்தில் வலுப்பெற்ற அதே 1945-ஆம் ஆண்டில், தாராபாய் பம்பாய்க்கு வடக்கே கடற்கரையோரத்திலுள்ள போர்டி என்னும் கிராமத்துக்குச் சென்று கிராமக் குழந்தைக் கல்விக்கான நிலையத்தை நிறுவினார். பால்ய விதவையாகி, பெரும் பிரயாசையுடன் படித்து ஆசிரியையாகிய அனுதாய் வாக் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார்.

பள்ளியைத் திறந்துவைத்தால் குழந்தைகள் வந்துவிடுவார்கள் என்பது அங்கே பலிக்கவில்லை. ஊரின் மையத்திலிருந்த பாலவாடிக்கு ஹரிஜனச் சேரியின் குழந்தைகள் வரவில்லை. வரவில்லையே என்று பெற்றோர்மேல் குறை கூறாமல், பள்ளியே அவர்களிடம் சென்றது. சேரியின் நடுவே, வீட்டு முற்றத்தில், மர நிழலில் வகுப்பு கூடியது. அதுவே அங்கன்வாடி, அதாவது முற்றத்துப் பள்ளி. 1957-இல் அந்நிலையம் டஹாணுவுக்கு அருகே, வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்குப் பெயர்ந்தபோது, புதிய இடையூறு ஒன்று எதிர்ப்பட்டது: சற்று வளர்ந்த குழந்தைகள் பகற்பொழுதில் மாடு மேய்க்கப் போய்விட்டார்கள். ஆசிரியைகள் அவர்கள் பின்னே மேய்ச்சல் நிலத்துக்கே போனார்கள். மாடுகள் ஒரு பக்கம் மேய்ந்துகொண்டிருக்க, மறுபக்கம் புல்தரையில் பாடமும் பாட்டும் நடந்த அந்தப் பள்ளி, மேய்ச்சல் நிலப் பள்ளி என்றே வழங்கப்பெற்றது.

அங்கே சாதனங்களுக்குப் பணமில்லை, பணம் தேவைப்படவுமில்லை. எண்ணிப் பழகுவதற்குக் கூழாங்கற்களும் விதைகளும், வரிசைப்படுத்துவதற்குச் சிறியதும் பெரியதுமான கிளிஞ்சல்களும், நிறங்களை வேறுபடுத்துவதற்கு இலைகளும் பூக்களும் இருந்தன. காட்டோடு வளரும் குழந்தைக்கு மரத்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டணத்திலிருந்து வந்த ஆசிரியைதான் அதனிடம் கேட்டறிய வேண்டும். இங்கே சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு பாடம் கால அட்டவணையில் இடம்பெறவில்லை என்பதையும், ஆனால் அதில்லாத ஒரு நாழிகையும் அப்பள்ளியில் கழியவில்லை என்பதையும் ஒருங்கே கருத வேண்டும். அதனைச் சாத்தியமாக்கியது அந்த ஆசிரியைகள் பெற்றிருந்த அதிகாரம். எங்கே கற்பிப்பது, எந்நேரத்தில் கற்பிப்பது, எதைக்கொண்டு கற்பிப்பது என்ற மூன்றையும் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருந்தது.

1975 அக்டோபர் 2-ஆம் நாள், இந்திய அரசாங்கம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் கீழ்மட்ட நிலையத்துக்கு அங்கன்வாடி என்ற பெயரையே வைத்தது. துணை உணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்குச் சுகாதாரக் கல்வி, குழந்தைகளுக்குப் பள்ளிக்கு முந்திய கல்வி என்னும் ஆறு பணிகள் அந்நிலையத்தின் தலையில் விழுந்தன. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் குழந்தைகள் மையங்களை ஊர்தோறும் நிலைநாட்டிற்று. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் நடைபெறுகின்றன. இலட்சக்கணக்கான ஏழைக் குழந்தைகளின் பசியைத் தீர்த்து உயிரைக் காத்த இத்திட்டத்தின் பெருமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் கோஸ்பாட்டிலிருந்து முற்றம் என்ற எண்ணம் வந்ததேயன்றி, முற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கூடவே வரவில்லை. ஆறு பணிகளில் ஒன்றாகிய கல்வி, மற்ற ஐந்தும் முடிந்தபின் எஞ்சிய நேரத்துக்கு உரியதாயிற்று.

இதே காலத்தில் சுற்றுச்சூழல் மற்றொரு வழியாகக் கல்விக்குள் நுழைந்தது. 1976-இல் அரசியல் சாசனத்தின் 42-ஆவது திருத்தம், இயற்கையைப் பேணுதலைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக்கியது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, குழந்தை முதல் எல்லா வயதினருக்கும் சுற்றுச்சூழல் உணர்வு வேண்டும் என்றது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வழி செய்யும்படி உத்தரவிட்டது. 2003-இல் அதனை மீண்டும் வற்புறுத்திற்று. 2022-இல் வெளிவந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வரைவு, மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு விளையாட்டே கல்வி என்று நல்ல முறையில் கூறுகிறது. கட்டளைகள் யாவும் நல்லெண்ணம் கொண்டவையே. ஆனால் பெரிய வகுப்புக்கு உரிய விஷயங்கள் மெல்ல மெல்லக் கீழிறங்கி, நான்கு வயதுக் குழந்தை பூமி சூடாவதைப் பற்றி மேடையில் ஒப்பிப்பதும், நெகிழிப் பையை ஒழிப்போம் என்ற அட்டையைப் பிடித்து ஊர்வலம் போவதும், சுற்றுச்சூழல் கல்வி என்று பெயர் பெறலாயின.

இந்நிலையில் மழலை வகுப்பு ஆசிரியைகளின் அபிப்பிராயம் யாது? சுற்றுச்சூழல் கல்வி வேண்டாம் என்று சொல்லுவாரை அநேகமாகக் காண்பதற்கில்லை. செடி, பூச்சி, மழை, மண் என்றால் குழந்தையின் முகம் மலர்வதைத் தினந்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள்தாமே! அவர்களுடைய தயக்கமெல்லாம் வேறு விஷயங்களைப் பற்றியது. ஒற்றை அறையில் சமையலும் வகுப்பும் நடக்கும் மையத்தில் பாத்தி போட இடமெங்கே என்பர். இருபது குழந்தைகளைத் தனியொருத்தியாக வெளியே அழைத்துச் சென்று, ஒன்று கிணற்றடிக்கு ஓடினாலோ பாம்பு குறுக்கிட்டாலோ யார் பொறுப்பு என்பர். எல்.கே.ஜி. வகுப்பில் மாதம் தவறாமல் பணம் கட்டும் பெற்றோர், குழந்தை இன்று மண்ணில் விளையாடியது என்று கேட்டால் முகம் சுளித்து, எத்தனை எழுத்து எழுதினாள் என்று கேட்பதைச் சொல்லுவர். பயிற்சியென்று இரண்டு நாள் அழைத்து, கூடத்தில் உட்காரவைத்து, மரத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றி அனுப்பினார்களேயன்றி, ஒரு மரத்தடியில் குழந்தைகளோடு அரைமணி நேரம் எப்படிக் கழிப்பது என்று எவரும் செய்து காட்டவில்லை என்பர்.

இவற்றை அக்கறையின்மை என்று தள்ளிவிடுவது பெருந்தவறு. இடம், எண்ணிக்கை, பெற்றோர், பயிற்சி என்று அவர்கள் அடுக்கும் நான்கு காரணங்களும், புரோபெலின் தோட்டத்தைப் பட்டணத்து ஆசிரியைகள் கைவிட்ட நாள்தொட்டு, கிஜுபாயின் கதையில் சக ஆசிரியர்கள் சிரித்த காலத்தினூடே வந்து, இன்னும் தீராதிருப்பவை. இவற்றுக்கு அப்பால், கருத்தளவிலும் ஓர் ஆட்சேபம் அனுபவமிக்க ஆசிரியைகளிடம் உண்டு: அச்சத்தை முதலில் கற்பிக்கலாகாது என்பதே அது. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996-இல் எழுதிய நூலொன்றில், சிறு குழந்தைகளின் தலையில் உலகத்தின் அழிவுகளை ஏற்றினால் அவர்கள் இயற்கையினின்றும் விலகிப்போவார்கள் என்று எச்சரித்தார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, பூச்சிமருந்தின் கேட்டை உலகறியச் செய்த ரேச்சல் கார்சன் அம்மையார், குழந்தைக்கு இயற்கையைப் பற்றிய தகவலைவிட வியப்புணர்ச்சியே முதன்மையானது என்று எழுதியிருந்தார். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையோடு நாள் முழுதும் பழகும் ஆசிரியைக்கு, இந்த உண்மையை நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. மழையில் நனைந்த மண்புழுவைக் கண்டு அருவருத்துப் பின்வாங்கும் குழந்தையை, அது நெளிந்து மண்ணுக்குள் போய் மறையும்வரை பார்க்கச் செய்துவிட்டால், உயிர்களைக் காக்க வேண்டும் என்ற வாசகத்தை நூறு தடவை சொல்லச் செய்வதைவிட அது மேலானது என்பதை அவர் அறிவார்.

அண்மைக் காலத்தில் போஷண் வாடிகா என்ற பெயரில், அங்கன்வாடிகளைச் சுற்றிச் சத்துணவுத் தோட்டம் அமைக்கும்படி அரசாங்கமே ஊக்குவிக்கிறது. முருங்கையும் கீரையும் பப்பாளியும் வளர்த்துக் குழந்தைகளின் உணவில் சேர்ப்பதே அதன் நோக்கம். இரும்புச் சத்தும் வைட்டமினும்தான் அதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆயினும், கல்வியின் பெயரால் உள்ளே வர இயலாமற்போன பாத்தி, சோற்றின் பெயரால் வந்து சேர்ந்திருப்பதை, அறிவுள்ள ஆசிரியை வீணாக விடமாட்டார். அந்தப் பாத்தியில் ஒரு மூலையைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கி, அவர்கள் நீரூற்றி, பிடுங்கி, மீண்டும் நட்டுப் பார்க்கும்படி விடலாம். விளைந்த கீரையைத் தாமே கிள்ளிவந்து ஆயாவிடம் கொடுக்கச் செய்யலாம். கிள்ளிய கீரை பருப்போடு வெந்து தட்டில் விழும்போது, மண்ணுக்கும் வயிற்றுக்கும் உள்ள சம்பந்தம் எந்தப் படத்தையும் விடத் தெளிவாக அக்குழந்தைக்கு விளங்கும். மேற்பார்வைக்கு வருபவர் அந்த மூலை ஒழுங்காக இல்லை என்று குறை எழுதாதிருந்தால் போதும்.

ஆகவே, சிறு குழந்தைகளின் வகுப்பில் சுற்றுச்சூழல் கல்வியைப் புகுத்துவது எப்படி என்று யோசிக்கும் அறிஞர் குழுக்கள், புதிய நூலொன்றை எழுதுமுன் ஆசிரியைகளை அழைத்துக் கேட்க வேண்டும். கேட்டபின், கோஸ்பாட்டில் தாராபாய்க்கும் அனுதாய்க்கும் இருந்த சுதந்தரத்தில் ஒரு பகுதியையேனும் அவர்களுக்கு வழங்க வேண்டும். வகுப்பை மர நிழலுக்கு மாற்றவும், மழை பெய்யும் நாளில் திட்டமிட்ட பாடத்தை நிறுத்திவிட்டு மழையையே பாடமாக்கவும், வாங்கிய அட்டைப்படத்துக்குப் பதிலாகப் புளியங்கொட்டையைப் பயன்படுத்தவும், வெளியே போகும் வேளையில் துணைக்கு ஒருவரைக் கேட்டுப் பெறவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். இத்தனை சிறு உரிமைகளுக்கு ஆகும் செலவு, அச்சிட்டு அனுப்பும் பாடநூல்களின் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. இரண்டு நூற்றாண்டுகளாக இக்கல்வி எங்கெங்கே வேரூன்றியதோ அங்கெல்லாம் அதை ஊன்றியவர் ஓர் ஆசிரியர். அவருக்கு அதற்கான அவகாசம் கொடுத்தவர்கள் மற்றவர்கள். அரசாங்கமும் பெற்றோரும் செய்யத்தக்க பணி அந்த அவகாசத்தைக் கொடுப்பதுதான்.